‘வீணாகக் கடலுக்குப் போகுது’: பிச்சாவரம் காடு சுருங்கினதுக்கு மேட்டூர்தான் காரணமா?

வாழப்பாடி மரவள்ளி
2024 ஆகஸ்ட் 2

மேட்டூர் ரொம்பிடுச்சு. 16 கண் மதகும் திறந்தாச்சு. லட்சம் கன அடிக்கு மேல கொள்ளிடம் வழியா வீணா கடலுக்குப் போகுது. எங்க ஊர்ல போர் போட்டா காத்துதான் வருது. இந்த நேரத்துல ஒருத்தர் சொல்றாரு, பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஆத்துத் தண்ணி போகணுமாம், அணை கட்டினதாலதான் அந்தக் காடு சுருங்கிப்போச்சாம். உப்புத் தண்ணியில நிக்கிற மரத்துக்கு ஆத்துத் தண்ணி எதுக்குங்க? வெட்டினவங்க யாரோ, பழி நம்ம மேட்டூர் மேலயா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லஸ்கர் மகள்
ஆகஸ்ட் 2, இரவு

தம்பி, நான் மேட்டூர் பொதுப்பணித் துறை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா அணையில் லஸ்கராக, மதகைத் திறந்து மூடுகிற ஊழியராக, இருந்தார். காலையில் எங்கள் வீட்டில் பேசுகிற முதல் பேச்சு இன்றைக்கு எத்தனை அடி என்பதுதான். 120 தொட்ட அன்றைக்கு அம்மா பாயசம் வைப்பார். 16 கண் திறக்கிற அன்றைக்கு மட்டும் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது. “கடலுக்குப் போன தண்ணி கணக்குல சேராத தண்ணி” என்பார். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்ததால் உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு அந்நியம் இல்லை.

ஆனால் உங்களிடம் சொன்னவர் சொன்னது சரி. காரணம் அணைதான். 1925இல் ஆரம்பித்து 1934இல் முடித்தார்கள். 93.47 டிஎம்சி பிடிக்கும். அவ்வளவு தண்ணீரை மேலே நிறுத்தினால் கீழே முகத்துவாரத்தில் உப்பு ஏறும், காடு சுருங்கும். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

லஸ்கர் மகள்
ஆகஸ்ட் 3

உப்புத் தண்ணீர் மரத்துக்கு ஆற்றுத் தண்ணீர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நேற்று அதற்குப் பதிலே சொல்லவில்லை.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலையாத்தி மரங்கள் உப்பைத் தாங்கும், ஆனால் உப்பை விரும்புகிற மரங்கள் இல்லை. வெண்கண்டல் உப்பை உள்ளே இழுத்து இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் பொடிப்பொடியாகக் கையில் ஒட்டும். சுரபுன்னை வேரிலேயே வடிகட்டி உப்பை வெளியே நிறுத்தும். இரண்டுக்கும் மரம் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். உப்பு ஏற ஏற வளர்ச்சிக்கு மிச்சம் குறையும். மரம் குட்டையாகும், நாற்று பிழைக்காது. நல்ல தண்ணீர் வந்து கலக்கிற கழிமுகத்தில் அதே மரம் ஓங்கி வளரும்.

இன்னொன்று வண்டல். ஆறு கொண்டுவந்து போடுகிற சேற்றில்தான் அந்தக் காடு நிற்கிறது. கடல்மட்டம் ஏறினால் சேறும் கூடவே ஏற வேண்டும். இல்லாவிட்டால் காடு முழுகும். அணையில் தண்ணீர் நிற்கும்போது வண்டலும் அங்கேயே படிந்துவிடும்.

1989இல் காலேஜ் டூரில் பிச்சாவரம் போனேன். சுரபுன்னைக் கிளையை ஒடிக்கப் போன என்னைப் படகுக்காரர் அதட்டினார், பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

லஸ்கர் மகள்
ஆகஸ்ட் 5

திருத்தம். பால் வடிவது சுரபுன்னையில் இல்லை, தில்லை மரத்தில். ஒரே காட்டில் இரண்டும் இருப்பதால் 35 வருஷத்தில் என் தலைக்குள் பெயர் மாறிவிட்டது. முட்டுக்கொடுத்த மாதிரி வேர் வளைந்து இறங்குவது சுரபுன்னை. தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டுவது வெண்கண்டல்.

தில்லைச் சிதம்பரம் என்கிறோமே, அந்தத் தில்லை இந்த மரம்தான். கோயிலின் தலமரம். இப்போது அதை மரமாகப் பார்க்க வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். காடு மாறியதற்கு இதைவிடப் பழைய சாட்சி ஊர்ப்பெயரில் கிடைக்காது. ஒரு காலத்தில் உப்பங்கழி எவ்வளவு உள்ளே வந்திருந்தால் அந்த ஊருக்கு அந்தப் பெயர் வந்திருக்கும்! அதற்கு அணையும் காரணமில்லை, கோடரி மட்டுமே காரணமாகவும் இருக்க முடியாது. ஆறு வண்டலைப் போட்டுப் போட்டு டெல்டாவே கிழக்கே வளர்ந்திருக்கிறது, கரை தள்ளிப்போயிருக்கிறது. சங்கப் பாட்டில் நெய்தல் என்றால் கண்டல் வரும். அந்தக் கண்டல் நின்ற கரை இன்றைக்கு நெல் வயலாக இருக்கலாம்.

லஸ்கர் மகள்
ஆகஸ்ட் 11

ஒரு வாரமாக மனசுக்குள் ஓடுகிறது. ஆகஸ்ட் 2இல் “காரணம் அணைதான், வாதாட ஒன்றும் இல்லை” என்று எழுதினேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த பாதியையே விட்டுவிட்டேன்.

1998இல் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் தனியாகப் பிச்சாவரம் போனேன். அப்போது அங்கே கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குள் கால்வாய் எதற்கு என்று கேட்டதற்குப் படகு தள்ளிய பெரியவர் ஒரே சொல்லில் ஆரம்பித்தார்: “எல்லாம் கூப்பு வெட்டினதுல வந்த வினை.”

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கூப்பு என்றால் விளக்க வேண்டாம். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை ஒரு வருஷம் மொட்டையாக வெட்டுவது, அது வளரட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவது. சில பத்து வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது முதல் துண்டு வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து 1970கள் வரை பிச்சாவரத்தில் இப்படித்தான் விறகுக்கு வெட்டினார்கள். மலையில் இது ஓரளவு நடக்கும். சேற்றில் நடக்கவில்லை. ஏன் என்பதுதான் விஷயம்.

நான் 31 வருஷம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவள். ஏரி மராமத்துக்காக மட்டம் எடுக்கிறவர்களோடு நிறைய சுற்றியிருக்கிறேன். ஏரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாண் பள்ளம் போதும், மற்ற இடமெல்லாம் வடிந்த பிறகும் அங்கே தண்ணீர் மாசக்கணக்கில் நிற்கும். பிச்சாவரத்தில் நடந்தது அதேதான். மரத்தை மொட்டையாக வெட்டினதும் நிழல் போனது. வெயில் நேரே சேற்றில் விழுந்தது. களிமண்ணில் இருந்த ஈரம் ஆவியாகி மண் சுருங்கியது, தரை அமுங்கியது. வெட்டின துண்டு முழுக்கத் தட்டு மாதிரி நடுவே குழிந்துவிட்டது.

நம் சோழமண்டலக் கரையில் ஓதம் (கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது) பெரிதாக இருக்காது, ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஏற்றத்தில் அந்தத் தட்டுக்குள் கடல்நீர் நுழையும். வற்றத்தில் வெளியே வர வழி இல்லை. நின்று காயும். அடுத்த ஏற்றத்தில் மறுபடி கொஞ்சம் உப்பு உள்ளே வரும், அதுவும் காயும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் அது உப்பளம். ஓரத்து மரத்திலிருந்து விழுகிற விதை அங்கே கருகும். உப்பு மண்ணில் வளர்கிற உமரிச் செடி மட்டும் முளைக்கும். கடைசியில் அதுவும் இல்லாமல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

அரசாங்கம் வெட்டினதை நிறுத்தி இருபது வருஷம் ஆகியும் காடு தானாகத் திரும்பாததற்குக் காரணம் இதுதான். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்மேல், அவர்கள் ஆடுமாடுமேல் பழி போட்டார்கள். ஆடுமாடு மேய்ந்தது உண்மை. விறகு பொறுக்கியதும் உண்மை. ஆனால் குழியை உண்டாக்கியது திட்டம் போட்டு, வரைபடம் வரைந்து, எண் கொடுத்து வெட்டின வெட்டு. அந்த மாதிரி வரைபடம் வரைகிற வேலையில் இருந்தவள் என்பதால் எனக்கு இதைச் சொல்லத் தொண்டை அடைக்கிறது.

கால்வாய் விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1993 வாக்கில் ஆரம்பித்தது. குழியின் நடுவே ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சின்னக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் உள்ளே வந்து உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே போகும். கொஞ்ச நாளில் மண்ணின் உப்பு இறங்கும். கால்வாய் ஓரத்தில் நாற்று நடுவார்கள். கிராமத்து ஆட்களைச் சேர்த்துத்தான் செய்தார்கள். ஏனென்றால் கால்வாயில் சேறு அடைத்தால் வாராமல் விடக் கூடாது, விட்டால் பழையபடி குழிதான். 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தில் மரம் நின்ற பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

1998இல் நான் பார்த்தபோது இடுப்பளவு கன்றுகள். 2019இல் அதே இடத்தில் படகுக்கு மேலே கிளை கூடியிருந்தது. இதுதானா அது என்று மூன்று தடவை கேட்டேன்.

வாழப்பாடி மரவள்ளி
ஆகஸ்ட் 12

அப்ப நான் சொன்னது சரிதானுங்களே அக்கா. வெட்டினதுதான் காரணம். அணை இல்லை.

லஸ்கர் மகள்
ஆகஸ்ட் 12

அவசரப்படாதீங்க தம்பி. இன்னும் முடியவில்லை.

லஸ்கர் மகள்
ஆகஸ்ட் 19

‘காடு கூடியதா குறைந்ததா’ என்பதையே முதலில் சரி பார்க்க வேண்டும். இந்திய வன அளவை நிறுவனத்தின் அறிக்கைகளில் தமிழ்நாட்டுக்கு அலையாத்திப் பரப்பு எவ்வளவு என்று வருஷவாரியாக எழுதி வைத்தேன். 1987இல் 23 சதுர கிலோமீட்டர். 1989இல் 47. 1993இல் 21. 2001இல் மறுபடி 23. 2003இல் 35. 2017இல் 49. 2021இல் 45.

இரண்டே வருஷத்தில் 23 எப்படி 47 ஆகும்? அதன்பின் நாலு வருஷத்தில் எப்படிப் பாதியாகும்? அலையாத்தி மரம் அவ்வளவு வேகமாக வளராது. 1989க்கும் 1993க்கும் இடையில் பாதிக் காட்டை யாரும் வெட்டிக்கொண்டு போகவும் இல்லை.

வரைவாளர் கண்ணுக்கு இதில் மர்மம் கிடையாது. முதல் அளவையில் 1:10 லட்சம் அளவுத்திட்டத்தில், செயற்கைக்கோள் படத்தைக் கண்ணால் பார்த்து எல்லை போட்டார்கள். அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் அரைக் கிலோமீட்டர் காடு கோட்டுக்கு அடியிலேயே போய்விடும். அடுத்த அளவையில் 1:2,50,000. 2001இலிருந்து நாடு முழுக்கக் கணினி வழி, 1:50,000, ஒரு ஹெக்டேர் வரை பிடிக்கும். பிச்சாவரம் மாதிரி 51 திட்டுகளும் நடுவில் சின்னச் சின்ன ஓடைகளுமாக நெய்த காட்டில் கண்ணாடியை மாற்றினாலே பரப்பு மாறும். அதனால் 2001க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வைத்து “அழிந்தது”, “வளர்ந்தது” என்று பேசுகிற எந்தக் கட்டுரையையும் நான் நம்ப மாட்டேன்.

2001க்குப் பிறகு வந்த உயர்வில் மட்டும் உண்மையான வளர்ச்சி இருக்கிறது. அதற்கு என் இரண்டு கண்ணும் சாட்சி.

அப்புறம், ‘முத்துப்பேட்டையில் 12,000 ஹெக்டேர் அலையாத்திக் காடு’ என்று எழுதுகிறார்கள். அது ஏறக்குறைய ஒதுக்கப்பட்ட காட்டின் எல்லைக்குள் உள்ள மொத்த அளவு. சேற்றுவெளி, உப்புத்தரை, காயல் எல்லாம் அதில் சேர்த்தி. மரம் நிற்பது அதில் ஒரு பங்குதான். பட்டா அளவும் சாகுபடி அளவும் ஒன்றில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா தம்பி?

லஸ்கர் மகள்
ஆகஸ்ட் 20

நேற்று எழுதினதன் தொடர்ச்சி. சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். செயற்கைக்கோளுக்கு அந்த மலை பச்சை. ஒரு ஹெக்டேருக்குமேல் இருந்து நூற்றுக்குப் பத்துப் பங்கு நிழல் மூடியிருந்தால் அவர்கள் கணக்கில் அது வனப்பரப்பு. காப்பித் தோட்டமும் அதில் சேரும். ஆனால் ஏற்காட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காப்பிக்கு நிழல் தருவது எத்தனை இடத்தில் வரிசையாக நட்ட சில்வர் ஓக் என்று. ஆஸ்திரேலியா மரம். அதற்கு முன் நின்ற மரங்களில் இருந்த பறவையும் பூச்சியும் அதில் இல்லை.

கடலோரத்திலும் இதே கதை. முத்துப்பேட்டையில் இன்று நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல் ஒன்றுதான். உப்பு ஏறின மண்ணில் தாக்குப்பிடித்த மரம் மிஞ்சியது, மற்றவை ஒதுங்கின. பரப்பு எண் அப்படியே நிற்கலாம், கூடவும் செய்யலாம். காட்டுக்குள் மர வகைகள் குறைந்துபோனது அந்த எண்ணில் தெரியாது. குஜராத்தில் 1987இல் 427 சதுர கிலோமீட்டர் (நேற்றுச் சொன்ன பழைய கண்ணாடி எண், அப்படியே ஒப்பிடாதீர்கள்), 2021இல் 1,175. நாட்டின் மொத்த உயர்வில் பெரும்பங்கு அங்கேதான். நட்டவர்களை மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் நட்டதில் பெரும்பாலும் அதே வெண்கண்டல்.

லஸ்கர் மகள்
செப்டம்பர் 1

ஏற்காட்டிலிருந்து ஒருவர் தனியே எழுதிக் கேட்டார், இறால் பண்ணையை ஏன் சொல்லவே இல்லை என்று.

சொல்கிறேன். தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா பக்கம் 1980, 90களில் அலையாத்திக் காட்டை நேரடியாக வெட்டி இறால் குட்டை ஆக்கினார்கள். அங்கே அதுதான் முதல் காரணம். நம் நாட்டில் ஆந்திராவின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களில் அந்த அடி விழுந்தது. பிச்சாவரத்தில் காடு அதற்கு முன்பே குழிந்து கிடந்தது. குட்டைகள் வந்தது பெரும்பாலும் காட்டைச் சுற்றியிருந்த நிலத்தில். கழிவுநீர் ஓடையில் விழுந்தது, ஓதம் உள்ளே போகிற வழிகள் கரை போட்டு அடைபட்டன. காடு மேட்டுப்பக்கம் நகர்ந்துகொள்ள இடம் இல்லாமல் போனது. இந்தக் கடைசி விஷயம்தான் இனிமேல் பெரிசாக வலிக்கப்போகிறது. கடல் ஏறும்போது மரம் பின்வாங்க வேண்டும், பின்னால் கரையும் வரப்பும் நிற்கிறது.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை மறக்கக் கூடாது. கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் அந்த இறால் குட்டைகள் கூடாது என்றது. அதைக் கேட்டு வழக்குப் போட்டவர்கள் நம் டெல்டாவின் நிலமில்லாத கூலிக்காரர்கள் பக்கம் நின்றவர்கள்.

லஸ்கர் மகள்
செப்டம்பர் 8

சம்பந்தமில்லாத குறிப்பு. சிதம்பரம் போகிறவர்கள் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிடாமல் வராதீர்கள். 2019இல் நான் இங்கிருந்து தட்டுவடை கட்டிக்கொண்டு போனேன். படகுக்காரரின் மகளுக்குக் கொடுத்ததும், மேலே சட்னி வைத்துக் காய் துருவிப் போட்டுத் தின்பீர்களாமே என்று கேட்டாள். நம் தட்டுவடை செட் புகழ் பிச்சாவரம் பக்கத்துக் கிள்ளை வரை போயிருக்கிறது.

அன்றைக்குத்தான் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் ஊர்ந்து ஊர்ந்து வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்தேன். வாயில் கடித்த கயிற்றில், பிடித்ததைப் போடுகிற கூடையான பறி ஒன்று தொங்கியது. சுரபுன்னை வேருக்கு இடையில்தான் இறால் குஞ்சு ஒதுங்கும். காடு போனால் அவர்கள் கைக்கு என்ன கிடைக்கும்? அலையாத்தி என்றால் சுனாமியை மட்டும் பேசுகிறோம். அந்தப் பறியை யாரும் பேசுவதில்லை.

லஸ்கர் மகள்
செப்டம்பர் 29

சுனாமி என்று சொல்லிவிட்டதால். 2004 டிசம்பர் 26இல் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, முன்னால் இருந்தவை அழிந்தன என்று எல்லோரும் சொல்கிறோம். அடுத்த வருஷமே கடலூர் கரையை வைத்து ஆய்வுகள் அப்படிச் சொன்னன. அதற்கும் மறுப்பு வந்தது. ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் காட்டின் பங்கு அவ்வளவு பளிச்சென்று நிற்கவில்லை என்றார்கள். மட்டம் எடுக்கிறவர்களோடு வேலை பார்த்த எனக்கு அந்த மறுப்பும் நியாயமாகவே படுகிறது. ஒரு மீட்டர் மேடு சின்ன விஷயம் இல்லை. புயலில் மட்டும் சந்தேகம் இல்லை. 1999 ஒடிசா புயலில், கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்தி அகலமாக இருந்த கிராமங்களில் சாவு குறைவு என்பது தூரம், மேடு எல்லாம் கணக்கில் எடுத்துப் பார்த்த முடிவு.

ஆனால் நமக்குக் கவசமாக நிற்கும் காடு அடி வாங்காமல் இருக்காது. என் தங்கையைத் திருத்துறைப்பூண்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் கிடைத்ததும் அவள் தென்னையைப் பற்றியே அழுதாள். ஒரு மாசம் கழித்து நான் போனபோது முத்துப்பேட்டைக் காட்டைப் பார்க்கக் கூட்டிப்போனாள். இலை ஒன்று இல்லை. தீப்பிடித்து எரிந்த காடு மாதிரி நின்றது.

வெண்கண்டல் ஒடிந்த இடத்திலிருந்து துளிர்க்கும். சுரபுன்னை பெரிய கிளை போனால் துளிர்ப்பது அரிது. ஆகவே ஒவ்வொரு புயலும் ஒரு மரத்தை வைத்து இன்னொன்றைக் கழிக்கிறது. ஆகஸ்ட் 20இல் வெண்கண்டல் மட்டும் மிஞ்சியதற்கு உப்பை மட்டும் காரணம் சொல்லியிருந்தேன். புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லஸ்கர் மகள்
அக்டோபர் 13, ஞாயிறு

தம்பி, அணைக்குத் திரும்புகிறேன். ஆகஸ்ட் 2இல் அணை மட்டும் என்றேன், 11இல் கூப்பு என்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்கு இப்போது படுவது இது.

வெட்டினதால் குழி விழுந்தது. சரி. குழி விழுந்த காடு மேட்டூருக்கு முன்னாலும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் வருஷா வருஷம் கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் வெள்ளம் வந்து குழியைக் கழுவியிருக்கும், சேற்றைப் போட்டு நிரப்பியிருக்கும். 1830களில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணைக்கட்டு வந்தது. 1930களில் மேலே கிருஷ்ணராஜசாகர், இங்கே மேட்டூர். டெல்டாவில் சாகுபடி கூடியது. வெள்ளம் வருகிற வருஷங்கள் அரிதாகின. வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஒன்று புண்ணை உண்டாக்க, இன்னொன்று அதைக் கழுவ விடாமல் செய்ய, முகத்துவாரத்தில் மணல்திட்டு வேறு. அந்த முகத்துவாரம் இருக்கிற சின்னவாய்க்கால் ஊர்ப் பக்கம் மணல் அடைத்தால் ஓதம்கூட உள்ளே சரியாக வராது. ஆற்று வேகம் இருந்தால்தான் அந்த மணல் உடையும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. தனித்தனியாகப் பிரித்துக் குற்றவாளி தேடினால் ஆளுக்கொரு பாதி உண்மைதான் கிடைக்கும், நாம் இரண்டு பேரும் இரண்டு மாசமாகச் செய்தது மாதிரி.

அணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர்ச் சம்பளத்தில் வளர்ந்த உடம்பு இது. டெல்டாவின் சோறும் அதிலிருந்துதான். ஆனால் 2007இல் காவிரி நடுவர் மன்றம் எழுதின இறுதிக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 740 டிஎம்சி. கர்நாடகம் 270, தமிழ்நாடு 419, கேரளம் 30, புதுச்சேரி 7. சுற்றுச்சூழலுக்கு என்று 10. அப்புறம் ‘தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப்போகிற தண்ணீர்’ என்று ஒரு 4. 2018இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 14.75 குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. நமக்குள் அதற்கு எவ்வளவு சண்டை! அந்த 4க்கு யாராவது பேசினோமா? தப்பிப்போகிற தண்ணீராம். கைதி மாதிரி. அப்பாவின் “கணக்குல சேராத தண்ணி” சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அப்பா இருந்தால் அவரைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போயிருப்பேன். நீங்கள் திறந்துவிட்ட தண்ணீர் இங்கேதான் வந்தது என்று காட்டியிருப்பேன். 2003இல் போய்விட்டார்.

வாழப்பாடி மரவள்ளி
அக்டோபர் 14

அக்கா, ஐயா பத்தி எழுதினது படிச்சு மனசு என்னமோ ஆயிடுச்சு. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. 16 கண்ல போற தண்ணியில நூறு ஏரிக்குக் கொஞ்சம் திருப்புனா பிச்சாவரம் செத்தா போகும்? எங்களுக்கும் வாய் இருக்குங்களே.

லஸ்கர் மகள்
அக்டோபர் 14

கோபம் ஏன் தம்பி. லட்சம் கன அடி போகிற நாளில் கொஞ்சம் எடுத்து நம் ஏரிகளுக்கு ஏற்றுவதை நான் எதிர்க்க மாட்டேன். ‘வீண்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். வீண் என்று பேர் வைத்துவிட்டால் ஒரு சொட்டுவிடாமல் பிடிப்பது புண்ணியம் என்று ஆகிவிடும்.

லஸ்கர் மகள்
அக்டோபர் 20

இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், ஊர்க்காரராக உங்களுக்குப் பிடிக்கும். பிச்சாவரத்துக்குத் தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. வெள்ளாறு எங்கிருந்து வருகிறது? உங்கள் வீட்டுப் பின்னாலிருந்து. அருநூற்றுமலையில் பிறந்து ஆனைமடுவு தாண்டி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் என்று போகிற வசிஷ்ட நதிதான், சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறு ஆகிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடல்.

எங்கள் பக்கத்துத் திருமணிமுத்தாறும் சும்மா இல்லை. ஏற்காட்டு மழை சேலம் ஊருக்குள் புகுந்து நஞ்சை இடையாறில் காவிரியில் விழுந்து, முக்கொம்பில் பிரிந்தால் கொள்ளிடம் வழியே காட்டின் தென்பக்கம் போய்ச் சேரும். அதாவது சேலம் மாவட்டத்துத் தண்ணீர் அந்தக் காட்டை இரண்டு பக்கமும் தொடுகிறது. இரண்டு ஆற்றிலும் நாம் இன்று விடுவது சாக்கடையும் சேகோ ஆலைக் கழிவும் சாயத் தண்ணீரும். மேட்டூரைப் பற்றிப் பேசியதில் இதை நான் நினைக்கவே இல்லை. மேட்டூர் அரசாங்கம் திறந்து மூடுவது. திருமணிமுத்தாற்றில் விழுவது நம் வீட்டுக் குழாயிலிருந்து போவது.

வாழப்பாடி மரவள்ளி
அக்டோபர் 21

வெள்ளாறு நம்ம ஆறுதான்னு இத்தனை வருஷம் தெரியாதுங்க அக்கா. பரங்கிப்பேட்டைன்னா பிரியாணிதான் ஞாபகம் வரும்.

லஸ்கர் மகள்
2024 டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் மழையில் இரண்டு நாளாக வெளியே கால் வைக்க முடியவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. திருமணிமுத்தாறு நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது. மேலே இருக்கிறவர்கள் பத்திரமாக இருங்கள்.

தம்பி, வசிஷ்ட நதியில் தண்ணீர் வந்ததா? வந்தால் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாழப்பாடி மரவள்ளி
டிசம்பர் 3, மாலை

வந்துடுச்சுக்கா. பாலத்து மேல நின்னு பாத்துட்டு வரேன். செக்கச் செவேல்னு மண்ணைக் கரைச்சுக்கிட்டு ஓடுது. எங்க காட்டு மண்ணும் கொஞ்சம் அதுல இருக்கும். எத்தனை நாள்ல பரங்கிப்பேட்டை போவும்?

லஸ்கர் மகள்
டிசம்பர் 3, இரவு

கிள்ளைப் படகுக்காரர் நம்பர் 2019இலிருந்து என் டைரியில் இருக்கிறது. காலையில் போன் செய்து அங்கே ஓடைத் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்கிறேன். தினமும் கேட்டு இங்கே எழுதுகிறேன்.